நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை: ஆமை நடை மாணவர்களுக்கு என்ன செய்கிறது?

1988-ல் சென்னையில் சில மாணவர்கள், அரசுத் துறை ஒன்று நிறுத்திவிட்ட வேலையைக் கையில் எடுத்தார்கள். எண்பதுகளில் சில ஆண்டுகள் வனத்துறை இந்தக் கரையில் கடலாமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகம் நடத்தியது. அது நின்றுபோனதும், நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கிய கூட்டம்தான் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. கையில் காசு இல்லை. பெரிய பெயர் யாரும் பின்னால் இல்லை. ஆனாலும் அந்த வேலை இன்றுவரை நிற்கவில்லை. ஜனவரி பிறந்தால், முட்டைகளைத் தேடி இரவில் கடற்கரையோரம் நடக்கும் ஆமை நடை தொடங்கும். ஏப்ரல் வரை போகும். இப்போது வனத்துறையின் அனுமதியோடும் ஒத்துழைப்போடும் நடக்கிறது.

மாணவர்களுக்கு ஊக்கம் தர முன்மாதிரிகளைக் காட்ட வேண்டும் என்று எல்லாப் பள்ளிகளிலும் பேசுகிறோம். விருது வாங்கிய ஒருவரை அழைப்போம், சால்வை போர்த்துவோம், அவர் முக்கால் மணி நேரம் பேசுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். மறுநாள் வழக்கம்போல முதல் பாடவேளை. அந்தக் கைதட்டலுக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓயாத இந்த நடைக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் நடந்தவர்கள்

கதை 1988-க்கும் முன்னால் தொடங்குகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிண்டி பாம்புப் பண்ணையைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் இருந்தது. பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் மெட்ராஸ் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடினார்கள். இந்த ஆமைக்கு ஆங்கிலப் பெயர் ஆலிவ் ரிட்லி. அந்தக் காலத்தில் ஆமை முட்டை விலைபோகும் பொருள். தோண்டி எடுப்பவர்களும் நாய்களும் முந்திக்கொள்வார்கள். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்வதுதான் அந்த நடையின் நோக்கம்.

அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர் சதீஷ் பாஸ்கர். கேரளத்துக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர் வகுப்பறையை விட்டுக் கடலுக்குப் போய்விட்டார். பிறகு இந்தியக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே நடந்து, எந்தக் கடற்கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று பதிவு செய்தார். லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று அவர் போகாத தீவு குறைவு. 1982-ல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவின் சுஹேலி தீவில் தனியாகத் தங்கினார். ஆளில்லாத தீவு, மழைக்காலத்தில் படகும் வராது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் அனுப்பி, வீடு வந்து சேர்ந்தது. பாஸ்கர் 2023-ல் காலமானார்.

இந்தப் புட்டிக் கதையைச் சொன்னால் எந்த வகுப்பும் வாயைப் பிளந்து கேட்கும். ஆனால் கேட்டு முடித்த பிள்ளை அப்புறம் என்ன செய்யும்? சுஹேலிக்குப் போக முடியாது. ஐ.ஐ.டி.யை விட்டுவிடு என்று எந்த வீட்டிலும் சொல்லப்போவதில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இருக்கிற சிக்கலே இதுதான். பிரமிக்க வைக்கும். ஆனால் அவர்களைப் போல இன்றைக்குச் சாயங்காலம் எதைச் செய்வது என்று அதில் வழி இருக்காது.

1988-ல் தொடங்கிய மாணவர்கள் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர் ஆனார்; கடலாமை ஆய்வில் நாடறிந்த பெயர். ஆனால் அன்றைக்கு அவர் மாணவர். பக்கத்தில் நடந்தவர்களும் மாணவர்கள். யாரும் யாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஓர் இரவு

நடை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விஷயம் இந்த விவரங்களில்தான் இருக்கிறது.

பொதுமக்களுக்கான நடைகள் பெரும்பாலும் வார இறுதி இரவுகளில். நீலாங்கரை கடற்கரையில் இரவு பதினொரு மணி வாக்கில் கூடுகிறார்கள். நடக்கும் முன் மணலில் உட்கார வைத்துப் பேசுவார்கள்: ஆமை என்றால் என்ன, ஏன் வருகிறது, எதனால் சாகிறது. பேசுகிறவர் பல நேரம் கல்லூரி மாணவர். ஸ்லைடு இல்லை, மைக் இல்லை. அப்புறம் விதிகள். டார்ச் அடிக்கக் கூடாது. ஃபிளாஷ் கூடாது. சத்தம் கூடாது. ஆமையைப் பார்த்தால் ஓடக் கூடாது. அது முட்டையிடத் தொடங்கும்வரை தள்ளி நிற்க வேண்டும். கலைத்துவிட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

பிறகு வடக்கே நடை. வலப்புறம் கடல், இடப்புறம் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்று வரிசையாக வரும். பெசன்ட் நகர் பொரிப்பகம்வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். தார்ச்சாலையில் ஏழு கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. மணலில், அதுவும் நள்ளிரவுக்குப் பிறகு, கெண்டைக்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். குப்பங்களைத் தாண்டும்போது இழுத்துப் போட்ட ஃபைபர் படகுகள், வலைக் குவியல், அதன்மேல் சுருண்டு தூங்கும் நாய்கள். சில இடங்களில் கடலை நோக்கி எரியும் பெரிய விளக்குகள். அவற்றைப் பார்த்ததும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: இந்த வெளிச்சத்தில் குஞ்சு எந்தப் பக்கம் போகும்? பொரித்து வெளியே வரும் குஞ்சு வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைக்கும். ஊர் இருண்டு கிடந்த காலத்தில் வானமும் அலையும்தான் வெளிச்சம். இப்போது தெருவிளக்கைப் பார்த்துச் சாலைக்கு ஏறிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் ஒளி மாசு என்று படித்ததை அந்த விளக்கின் அடியிலேயே நின்று பார்க்கும்போது, அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

தடம் கண்ணில் பட்டால் கூட்டம் அப்படியே நிற்கும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கோ கலைந்த மணல். ஆமை கெட்டிக்காரி. முட்டையிட்டு மூடிய பிறகு உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலை இடித்து இறுக்கி, சுற்றிலும் மணலை வாரியிறைத்துவிட்டுப் போய்விடுகிறது. குழி எங்கே என்று மேலே பார்த்தால் தெரியாது.

இங்கேதான் மூத்த தன்னார்வலர் மண்டியிடுகிறார். கையில் மெல்லிய கம்பி. அதை மணலில் மெதுவாக, மிக மெதுவாக இறக்குகிறார். தோண்டாத மணல் கம்பியைத் தடுக்கும். குழி இருக்கிற இடத்தில் கம்பி சட்டென்று இளகி இறங்கும். அந்த நொடியில் கை நின்றாக வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முட்டை உடைந்துவிடும். அதனால் கம்பி எல்லார் கைக்கும் போவதில்லை. பல இரவுகள் நடந்து, பல குழிகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கே கிடைக்கும். புதிதாக வந்த பிள்ளைகளின் கண் எல்லாம் அந்த மணிக்கட்டில்தான் இருக்கும்.

அப்புறம் கையாலேயே தோண்டுவது. கழுத்து ஒடுங்கி, அடி அகன்ற குழி. தோள்வரை மணலில் புதைய ஒருவர் படுத்துக்கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். நூறு, நூற்றிருபது இருக்கும். பிங்பாங் பந்து அளவு. ஆனால் ஓடு மெத்தென்று தோல்போல இருக்கும், அழுத்தினால் குழியும். ஒரு பிள்ளை எண்ணும், ஒன்று பையைப் பிடிக்கும், ஒன்று குழியின் ஆழத்தை அளக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டைகளை மாற்றியாக வேண்டும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆகவே பையை ஆட்டாமல் சுமக்க வேண்டும். மீதி வழி முழுக்க ஒரு பதினான்கு வயதுப் பையன், தூங்கும் குழந்தையைத் தூக்கிய ஆள் நடப்பதுபோல நடந்து வருவான். அவனை யாரும் திட்டியோ எச்சரித்தோ அப்படி நடக்க வைக்கவில்லை.

பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டி முட்டைகளை மறுபடி புதைக்கிறார்கள். தேதி, எண்ணிக்கை, கிடைத்த இடம் எல்லாம் குறிக்கப்படும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வரும். மணலின் சூடு சுமார் 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகும், கீழே போனால் ஆண் குஞ்சுகள். பின்பனிக்காலத்தில் புதைத்த முட்டைக்கும் கோடையில் புதைத்த முட்டைக்கும் இந்த வித்தியாசம் வரும். மேலே நிழல் வலை கட்டுவது இதற்காகத்தான். காலநிலை மாற்றம் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் பார்த்ததில்லை.

பல இரவுகளில் ஒன்றுமே கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தடம் இல்லை, முட்டை இல்லை, செத்து ஒதுங்கிய ஆமை மட்டும் ஒன்றோ இரண்டோ. விடிவதற்குள் தூக்கக் கலக்கத்தோடு வீட்டுக்குப் போவார்கள். கூட நடந்த அக்காவோ அண்ணனோ அதே முகத்தோடு அடுத்த நாளும் நடக்கப் போகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

எது வேலை செய்கிறது

என் கணிப்பு இது. இந்த அமைப்பில் மாணவர்களை இழுப்பது ஆமைகூட இல்லை. தன்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர், யாரும் கேட்காமல், சம்பளம் இல்லாமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதை அருகிலிருந்து பார்ப்பது. கூடவே, அந்த வேலையில் தனக்கும் ஒரு பங்கு கிடைப்பது. முதல் இரவில் எண்ணுகிறவன், அடுத்த பருவத்தில் குழி தோண்டுகிறான். அதற்கடுத்து கம்பி கைக்கு வருகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் நீலாங்கரை மணலில் நின்று புதியவர்களுக்குப் பேசுகிறான். அடுத்த படி எப்போதும் கண்ணுக்கெதிரே, எட்டும் உயரத்தில் இருக்கிறது. விட்டேக்கரைப் பார்த்து விட்டேக்கராக வேண்டியதில்லை. அடுத்த வருஷம் அந்த அக்கா இடத்தில் நின்றால் போதும்.

பள்ளியில் நாம் செய்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1991-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடம் வந்தது, தேர்வும் வந்தது. 2001-லிருந்து தேசிய பசுமைப் படை வழியாகப் பள்ளிகளில் சூழல் மன்றங்களும் வந்தன. அக்கறையுள்ள ஆசிரியர் இருக்கிற இடத்தில் அவை நன்றாகவே நடக்கின்றன. மற்ற இடங்களில் ஜூன் 5 அன்று ஒரு மரக்கன்று, ஒரு படம். போன வருஷக் குழியிலேயே இந்த வருஷக் கன்று என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பிள்ளைகளும் அதைக் கவனிக்காமல் இல்லை.

பேச வருகிறவர்களால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோவையில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்துகொண்டே லட்சக்கணக்கில் மரக்கன்று நட்ட மாரிமுத்து யோகநாதன், விடுமுறை நாட்களில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறவர். அவர் பேச்சு எடுபடுவதற்கு ஒரு காரணம், பிள்ளைகள் தினமும் பார்க்கிற உத்தியோகத்தில் அவர் இருப்பது. இன்னொன்று, பேசிவிட்டுப் போய்விடாமல் கன்றைக் கையில் கொடுத்து நட வைப்பது.

குப்பத்து ஆசிரியர்கள்

சமூக முன்மாதிரி என்றதும் நமக்குப் படித்தவர்களே நினைவுக்கு வருகிறார்கள். ஆமை நடையில் கவனித்துப் பார்த்தால், கடலைப் பற்றித் தெரிந்தவர்கள் கரையோரக் குப்பங்களில் இருக்கிறார்கள். ஊரூர் ஆல்காட் குப்பம் பொரிப்பகத்திலிருந்து கூப்பிடு தூரம். வாடை எப்போது விழும், நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எங்கே வலை போட்டால் என்ன ஏறும் என்பதெல்லாம் அங்குள்ள பெரியவர்களுக்கு அத்துப்படி. ஏழாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் அதில் பாதிகூட இல்லை.

இந்தத் திசையில் இன்னொரு முயற்சியும் அதே கரையில் நடக்கிறது. 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றுவித்தது. தாரிணிக்கு ஊக்கமாக இருந்தவர் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால். குடால் 1991-ல் தான்சானியாவில் வெறும் 12 பள்ளி மாணவர்களோடு 'ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ்' என்ற இளைஞர் சூழல் இயக்கத்தைத் தொடங்கியவர். தொலைவில் இருந்த ஒருவர் ஒரு பெண்ணைக் கிளப்பிவிட்டார். அவர் குப்பத்து இளைஞர்களைக் கிளப்பிவிட்டார். அந்த இளைஞர்களில் சிலரின் வீட்டில் முந்தைய தலைமுறை ஆமை முட்டை தின்று வளர்ந்தது. இன்று அதே குப்பத்துச் சிறுவர்களுக்கு, ராத்திரி காவலுக்குப் போகும் சித்தப்பாதான் முன்மாதிரி.

நகரத்துப் பிள்ளைகளிடம் ஒரு தப்பெண்ணம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்: ஆமையைக் கொல்வது மீனவர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தபோது இந்தப் பேச்சு பலமாகக் கேட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையில், அதாவது இழுவை மடியில் மாட்டினால் மூச்சுத் திணறிச் சாகும். பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று தடை இருக்கிறது. அது மீறப்படுகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஃபைபர் படகில் போகும் குப்பத்து மீனவருக்கும் அதே விசைப்படகு எதிரிதான், அவர் மீனையும் அது அள்ளிக்கொண்டு போகிறது. அன்றாடம் கடலுக்குப் போகிற ஒருவர் இதைச் சொல்லக் கேட்ட பிள்ளை, அப்புறம் மீனவர்கள் என்று பொதுவாகக் குற்றம் சொல்லாது.

குறைகள்

ராத்திரி பதினொரு மணிக்குக் கடற்கரைக்கு எந்த வீட்டுப் பிள்ளை வர முடியும்? கார் வைத்துக் கொண்டுவிடும் அப்பா அம்மா இருக்கிற பிள்ளை. மாநகராட்சிப் பள்ளி மாணவிக்கு நடையைவிட வீடு திரும்புவது பெரிய கேள்வி. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளியே வண்டி ஏற்பாடு செய்து, இரண்டு ஆசிரியைகள் உடன் போனால் வழி பிறக்கும். அது நடந்த இடங்களில் மாணவிகள்தான் அதிகம் நிலைத்தார்கள் என்பது நான் பார்த்தது.

அடுத்தது பரீட்சை. முட்டை அதிகம் கிடைக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வரமாட்டார்கள். ஒன்பதிலும் பதினொன்றிலும் பிடித்தால் உண்டு. கல்லூரிக்காரர்கள் மூன்று நான்கு வருடத்தில் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த ஓட்டை இருந்தும் அமைப்பு உடையாமல் நிற்பதற்கு, படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் பருவத்துக்குப் பருவம் திரும்பி வரும் பழையவர்கள் முக்கியக் காரணம்.

குஞ்சு விடும் மாலைகளில் பெசன்ட் நகரில் கூடும் கூட்டத்தைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. நூற்றுக்கணக்கான பேர், அத்தனை பேர் கையிலும் போன். குஞ்சுகள் அலையைத் தொடும் வரை தன்னார்வலர்கள் ஆளை விலக்கியே களைத்துப்போகிறார்கள். அந்தப் பத்து நிமிடம் அழகானது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் சால்வை விழாவைப் பார்த்தவரைவிட அதிகம் நகர்ந்துவிடவில்லை. ஏழு கிலோமீட்டர் நடந்த பிள்ளைதான் அடுத்த வாரமும் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பொரிப்பகத்தால் ஆமை இனம் பிழைத்துவிடாது. குஞ்சாகக் கடலுக்குள் போவதில் ஆயிரத்தில் ஒன்றே பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வளர்ந்த ஆமைகள் மடியில் மாட்டிச் சாகும்போது கரையில் முட்டையைக் காப்பது பாதி வேலைதான். நடக்கும் மாணவர்களுக்கு இது தெரியும், அவர்களே சொல்லவும் செய்கிறார்கள். கிடைத்த இடத்தில் பாதி வேலையைக் கவனமாகச் செய்துகொண்டே மீதிப் பாதிக்காக மனுப் போடுவதும் அந்த நடையில் கற்பதுதான். பருவத்தில் இரவில் கடற்கரை விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு வந்ததில் இப்படிக் கேட்டவர்களின் பங்கு உண்டு.

கடல் இல்லாத ஊரில்

சென்னைக்கு வெளியே இருக்கும் ஆசிரியர்கள் கேட்பது நியாயம்: எங்களுக்கு ஆமை இல்லையே?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரண்டுவிடும் என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டும். எச்சமும் வாடையும் சகித்துக்கொண்டு ஊர் அதைக் காக்கிறது. விருது வாங்கிய சூழலியலாளர் ஒருவரைத் தேடித் தொலைபேசி எண் கேட்டு அலைவதைவிட, அந்த ஊருக்கு ஒரு பேருந்து பிடிப்பது எளிது. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அதுவும் சுற்றுலாதான். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை என்ன செய்வது என்று அங்குள்ள ஒருவர் காட்டித்தர வேண்டும். கூடுகளை எண்ணும் வேலை பிள்ளைகள் கையில் வர வேண்டும். அந்த எண்ணிக்கை ஒரு நோட்டில் ஏற வேண்டும். அடுத்த வருஷம் அதே நோட்டோடு ஒன்பதாம் வகுப்பு போக, இந்த வருஷம் எண்ணியவர்கள் கூட நின்று சொல்லித்தர வேண்டும். இதைப் பள்ளி நாட்காட்டியில் ஜூன் மாதமே குறித்துவிடுவது நல்லது. பறவை வருகிற மாதத்தில் அரையாண்டுத் தேர்வும் வந்து நிற்கும்.